1, 12, 123ன்னு ஒட்டிட்டே போற கணக்குல எங்கெங்க வழுக்கும்

எண்களை வரிசையா ஒட்டிட்டே போய், கடைசியா ஒட்டுன எண்ணால மொத்தமும் மீதியில்லாம வகுபடுதான்னு பார்க்கற கணக்கு இருக்குதில்லைங்க, 12ஐ 2 வகுக்கும், 123ஐ 3 வகுக்கும், 1234ஐ 4 வகுக்காது. பார்க்க சின்னப்புள்ள வெளையாட்டாட்டம் இருக்கும், 10 வந்ததும் ஆளைக் கவுத்துடும்.

கோபில எங்கூட்டுத் திண்ணைக்கு சாயங்காலம் கணக்கு படிக்க வர்ற பத்தாவது புள்ள ஒன்னு, ஒவ்வொரு தடவையும் பத்தால பெருக்கி அடுத்த எண்ணைக் கூட்டிட்டே வந்துச்சு. 9 வரைக்கும் சரிதானுங்க. 10ஐ ஒட்டறப்பவும் பத்தாலயே பெருக்கி 1234567900ன்னு எழுதிருச்சு, வரவேண்டியது 12345678910. அந்தத் தப்பு எண்ணும் 10ஆல வகுபடுது, 11க்கு வந்தா சரியான எண்ணும் வகுபடாது இதோட எண்ணும் வகுபடாது, அப்பறம் எப்படிங்க தப்பு தெரியும்? 12ல தான் மாட்டுச்சு. அது போட்டது 123456790122, வகுபடாது. நெஜமான எண் 123456789101112, அழகா வகுபடும்.

"அம்மணி, ஒட்டற எண்ணுல எத்தனை எலக்கமோ அத்தனை சைபர் போட்டுப் பெருக்கோணும், ரெண்டு எலக்கம்னா 100, மூணுன்னா 1000"ன்னேன். உடனே புடிச்சுக்கிச்சு.

இதைவிட மோசமான தப்பு ஒன்னு இருக்குதுங்க. பெரிய எண்ணை எழுதாம மீதியை மட்டும் வெச்சுட்டுப் போறது நல்ல வழிதான், ஆனா 6ஆல வகுத்த மீதியைத் தூக்கி 7க்குக் கொண்டுபோகக் கூடாது. 123456ஐ 6ஆல வகுத்தா மீதி 0, அந்த 0வோட 7ஐ ஒட்டுனா 7, அட வகுபடுதேன்னு நெனைப்போம். கெடையாதுங்க. 7க்கு மறுபடி 1ல இருந்தே ஆரம்பிச்சு, மீதியோட அடுத்த எண்ணை ஒட்டி 7ஆல வகுத்துட்டே வரோணும், மீதிக இப்படி வரும்: 1, 5, 4, 2, 4, 4, 5. கடைசி மீதி 5, ஆக 1234567 வகுபடாது. வகுக்கற எண் மாறுனா பழைய மீதிக்கு மதிப்பே இல்லை.

எக்செல்ல போட்டுப் பார்க்கறவங்களும் உஷாரா இருங்க, அது 15 எலக்கம் வரைக்குந்தான் வெச்சுக்கும், 13ஐ ஒட்டுனா கடைசி ரெண்டும் சைபராயிரும், 12345678910111200ன்னு நிக்கும். நிரல் எழுதறவங்களுக்கு, 64 பிட் முழு எண்ணுல 14ஐ ஒட்டற வரைக்கும் தாங்கும், 15ஐ ஒட்டுனா 21 எலக்கம், வழிஞ்சிரும். மீதியை மட்டும் வெச்சுட்டு ஓட்டுனா இந்தத் தொல்லையே இல்லை.

போட்டு முடிச்சதும் ஒத்துப் பார்த்துக்குங்க, 20 வரைக்கும் வகுபடறது 1, 2, 3, 5, 6, 9, 10, 12, 15, 18, 20. உங்க நோட்டுல 12 இல்லைன்னா 10ஐ ஒட்டுன எடத்தைப் பாருங்க, 7 இருந்துச்சுன்னா மீதியைப் பாருங்க.