ஆர்.வி. இன்வெர்ட்டர் வேலை செய்தும் விடிவதற்குள் பேட்டரி காலி

டெக்சாஸில் நாங்கள் ஆர்.வி. (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டி) நிறுத்தும் இடத்தில் புயல் மழை என்றால் கரண்ட் போகும். உடனே பேட்டரிக்குத் தானாக மாற, டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் உள்ள இன்வெர்ட்டர் போட்டிருக்கிறோம். மாறுவதில் குறையே இல்லை. ஆனால் இரண்டு விளக்கும் வைஃபையும் மட்டும் ஓடினாலும், விடிவதற்குள் பேட்டரி காலி.

பேட்டரியைக் கடையில் சோதித்தோம், நன்றாக இருந்தது. இன்வெர்ட்டரே தின்கிறதோ என்று லோடு இல்லாமல் அளந்தேன். 2 ஆம்பியர்கூட இல்லை. பல நாள் இதிலேயே போனது.

அப்புறம் ஒருமுறை கரண்ட் போனபோது ஃப்ரிட்ஜைக் கவனித்தேன். அதில் 'ஏ.சி.' விளக்கு, அதாவது 120 வோல்ட் கரண்டில் ஓடுகிறது என்று காட்டும் விளக்கு, எரிந்துகொண்டிருந்தது! கேஸிலும் கரண்டிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் அது. 'ஆட்டோ'வில் வைத்தால், 120 வோல்ட் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை கேஸைத் தொடாது. அந்தக் கரண்ட் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்த வகை ஃப்ரிட்ஜ் வெப்பத்தைக் கொண்டுதான் குளிரூட்டும்; அதற்கான ஹீட்டர் சுமார் 300 வாட். 12 வோல்ட் பேட்டரியில், இன்வெர்ட்டரில் வீணாவதும் சேர்த்து, கிட்டத்தட்ட 30 ஆம்பியர். போதாததற்கு பேட்டரி சார்ஜரும் இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கும் அதே பேனலில். பேட்டரியிலிருந்து எடுத்து அதே பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருந்தது. நடுவில் வெப்பமாகப் போவதெல்லாம் நஷ்டம்.

வெளிக் கரண்ட், பேட்டரி இரண்டையும் துண்டித்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து இந்த இரண்டு சர்க்யூட்டையும் இன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள, வெளிக் கரண்ட் மட்டும் வரும் பேனலுக்கு மாற்றினோம். இப்போது கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் தானே கேஸுக்கு மாறுகிறது, சார்ஜர் நின்றுவிடுகிறது. நிம்மதி.

இதை அளக்க கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) வாங்கினால் டி.சி. ஆம்பியர், அதாவது பேட்டரி கரண்ட், காட்டும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவை பலவும் ஏ.சி. மட்டும்தான் அளக்கும்.