பழைய கற்றல் தளத்திலிருந்து மூடுலுக்குப் பாடங்களை மாற்றுவது எப்படி? செட்டிநாட்டுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு

பல்கலைக்கழகம் தன் இணையவழிக் கற்றல் தளத்தை மூடுல் (Moodle) என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்ததும், பழையதில் இருப்பதையெல்லாம் அள்ளிப் புதியதில் போடத் துறைகள் அவசரப்படுகின்றன. அது வேண்டாத வேலை. பாடக்குறிப்புகளும் ஸ்லைடுகளும் உங்கள் கணினியிலேயே இருக்கும், எப்போதும் ஏற்றிக்கொள்ளலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் மாணவர் சமர்ப்பித்த ஒப்படைப்புகளும் பழைய தளம் மூடப்பட்டால் போனவைதான். எனவே முதலில் மதிப்பெண்ணும் ஒப்படைப்புகளும், அடுத்து வினா வங்கி, கடைசியில் பாடக்குறிப்பு என்ற வரிசையில் தொடங்குங்கள். ஏப்ரல் தேர்வுக்கும் ஜூன் திறப்புக்கும் இடைப்பட்ட மே மாதமே இதற்கு உகந்தது.

பழைய தளத்திலிருந்து இறக்கிய மதிப்பெண் பட்டியலை எக்ஸெல்லில் திறக்கும்போது, 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள பதிவெண்கள் அடுக்குக்குறி வடிவத்தில் (1.23E+11 என்பதுபோல) சுருங்கித் தெரியும். 15 இலக்கத்தைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகவே மாறிவிடும். ஆகையால் அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் உரையாக அமைத்த பின்பே தரவை உள்ளே கொண்டுவர வேண்டும். தமிழில் பெயர்கள் இருந்தால், சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' (CSV UTF-8) வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். நகரத்தார் கல்யாண வீட்டில் பரப்பிவைத்த சாமான்களைப் பட்டியலோடு ஒப்பிடுவதுபோல், இரு தளங்களிலும் உள்ள மதிப்பெண்களை ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்து, அச்சுப் பிரதியில் துறைத்தலைவரின் கையொப்பத்தையும் பெற்றுவிடுங்கள்.

உண்மையில் நேரத்தை விழுங்குவது வினா வங்கிதான், அதிலும் தமிழ்த்துறையினுடையது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டாலும், பழைய வினாத்தாள்கள் பலவும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அவற்றை அப்படியே ஒட்டினால், 'தமிழ்' என்ற சொல்கூட நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் மாணவரின் திரையில் தெரியும். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு ஒருங்குறியாக்கிய பிறகும் வேலை முடிவதில்லை: வினாவுக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொற்களையும் வாய்பாடுகளையும் அந்த மென்பொருள் தமிழ் என்றே எண்ணி உருக்குலைத்திருக்கும், 'கொ', 'போ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம்மாறியிருக்கும். மாற்றிய ஒவ்வொரு வினாவையும் மூலத்தாளை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துவிடுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

வினாக்களை ஏற்ற மூடுல் பல வடிவங்களை ஏற்கும். எழுத்து மட்டுமே உள்ள வினாக்களுக்கு 'கிஃப்ட்' வடிவம் எளிது. நோட்பேடிலேயே தட்டச்சு செய்துவிடலாம். படங்கள் இருந்தால் 'மூடுல் எக்ஸ்எம்எல்'தான் சரி, ஏனெனில் அது படத்தையும் கோப்புக்குள்ளேயே பொதிந்துவைக்கும். பழைய தளமும் மூடுலாகவே இருந்தால், பாடத்தை 'எம்பிஇசட்' காப்புக் கோப்பாக எடுத்துப் புதியதில் மீட்டால் போதும். ஆனால் பொதுவாக ஆசிரியர் எடுக்கும் காப்பில் மாணவர் தரவு சேராது. அதற்குரிய அனுமதி தள நிர்வாகியிடம் இருக்கும், எனவே அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாடக்குறிப்பில் அளவைக் கவனியுங்கள். மூடுல் இயங்கும் பிஎச்பி மொழியில் ஒரு கோப்புக்கான இயல்பு வரம்பு 2 எம்பி மட்டுமே. நிர்வாகி உயர்த்தியிருப்பார் என்றாலும், ஸ்கேன் செய்த 80 எம்பி புத்தகத்தை ஏற்றுவது மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல. புதுவயலிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்களில் பலர் கைபேசியில்தான் படிக்கிறார்கள். பிடிஎஃப்பை அலகு வாரியாகப் பிரித்துச் சிறிதாக்கிப் போட்டால், மூடுல் செயலியில் ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டு இணையம் இல்லாமலே வாசிப்பார்கள். காணொளியை ஏற்றாமல் இணைப்பாகக் கொடுப்பதே நல்லது.

ஏற்றி முடித்ததும் 'பாத்திரத்தை மாற்று' வசதியால் மாணவராக மாறி உங்கள் பாடத்தைப் பாருங்கள். மறைத்துவைத்த தேர்வு கண்ணில் படுகிறதா, கெடுதேதி சென்ற ஆண்டினுடையதாகவே நிற்கிறதா என்பவை அங்கேதான் தெரியும்.

பழைய தளத்தைப் பார்வைக்கு மட்டுமாவது திறந்துவைக்கும்படி, அரியர் மாணவர்கள் அடுத்த நவம்பர் தேர்வை எழுதி முடிக்கும் வரைக்குமான கோரிக்கையைத் துறை மூலம் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.