பிரேக் ரெசிஸ்டர் அளவுமீறிச் சூடேறினால் எங்கிருந்து தேடுவது

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் பிரேக் ரெசிஸ்டர் சூடாவதே குறையாகாது. சுழலும் பாரத்தின் ஆற்றலை வெப்பமாக்கித் தீர்ப்பதுதான் அதன் வேலை. எனவே எவ்வளவு சூடு என்பதைவிட, எப்போது சூடு என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, டிரைவுக்கு மின்சாரம் இருக்கும் நிலையில் ரெசிஸ்டர் ஆறுகிறதா என்று தொடாமல் அளக்கும் வெப்பமானியால் கவனியுங்கள். ஆறாமல் ஏறிக்கொண்டே போனால், டிரைவுக்குள் இருந்து ரெசிஸ்டரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் ஷார்ட் ஆகியிருக்கும். 415 வோல்ட் சப்ளையில் டிசி பஸ், அதாவது டிரைவுக்குள் சப்ளையை நேர்மின்னாக்கி வைத்திருக்கும் பகுதி, ஏறத்தாழ 586 வோல்ட் இருக்கும். அது 60 ஓம் ரெசிஸ்டரில் இடைவிடாமல் பாய்ந்தால் 5.7 கிலோவாட் வெப்பம் உண்டாகும். 1 கிலோவாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. அந்நிலையில் ஸ்டாப் பொத்தானை அழுத்திப் பயனில்லை. மெயின் சப்ளையையே உடனே துண்டிக்க வேண்டும்.

துண்டித்துப் பூட்டிய பின், கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, டிசி பஸ் முனைகளில் மின்னழுத்தம் வடிந்துவிட்டதை மீட்டரால் உறுதிசெய்யுங்கள்; டிரைவின் விளக்கு அணைந்ததை நம்ப வேண்டாம். பிறகு ரெசிஸ்டரின் இரு வயர்களையும் கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, பிரேக் முனைக்கும் டிசி பஸ்ஸின் நெகட்டிவ் முனைக்கும் இடையே இரு திசையிலும் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது. கழற்றிய ரெசிஸ்டரையும் அளக்காமல் புது டிரைவைப் பூட்டுவது வீண் செலவு: அதன் ஓம் மதிப்பு டிரைவுக்குரிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, சுருள் உறையைத் தொட்டு எர்த் ஆகியிருந்தாலோ, புதியதும் அதே வழியில் போகும்.

டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தும் சும்மா நிற்கும்போதே சூடேறினால், சப்ளை மின்னழுத்தம் கூடியிருக்கிறதா, பிரேக் தொடங்கும் பஸ் வோல்ட் அளவு தாழ்வாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டுமே சூடு மிகுந்தால், அது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். 1 கிலோகிராம் மீட்டர் வர்க்க நிலைமத் திருப்புத்திறன் கொண்ட பாரம் 1500 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 12.3 கிலோஜூல் ஆற்றலை வைத்திருக்கிறது. 20 நொடிக்கு ஒருமுறை நிறுத்தினால் சராசரியாக 0.6 கிலோவாட், 10 நொடிக்கு ஒருமுறை என்றால் 1.2 கிலோவாட். உற்பத்தியைக் கூட்டுவதற்காகச் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தைச் சுருக்கிய பிறகே இந்தப் புகார் பல இடங்களில் கிளம்புகிறது. ரெசிஸ்டரோ பழையபடியே இருக்கும். வேகம் குறைக்கும் நேரத்தை நீட்டினால் உச்ச வாட் இறங்கும். ஆனால் உராய்வும் மோட்டார் இழப்பும் எடுத்துக்கொள்ளும் பங்கு போக மீதி ஆற்றல் ரெசிஸ்டருக்குத்தான் வந்து சேரும் என்பதால், சராசரிச் சூட்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். நிறுத்தங்களைக் குறைக்க முடியாவிட்டால் கூடுதல் வாட் ரெசிஸ்டர் வேண்டும். ஓம் மதிப்பு மட்டும் மாறக்கூடாது. காற்றோட்டத்தை அடைக்கும் தூசியும் ஓடாத விசிறியும் கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, ரெசிஸ்டர் அளவுமீறிச் சூடானால் இயங்கும் தெர்மல் சுவிட்சின் வயர் எங்கே போகிறது என்று தடம் பிடியுங்கள். அது டிரைவின் ஸ்டாப் உள்ளீட்டோடு நின்றுவிட்டால், ஷார்ட் ஆன டிரான்சிஸ்டரை எதுவும் தடுக்காது. டிரைவுக்கு சப்ளை தரும் மின்காந்த சுவிட்சான மெயின் கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அதை இணைத்துவிட்டு, சுவிட்ச் வயரைக் கழற்றிக் கான்டாக்டர் உண்மையில் திறந்து சப்ளையைத் துண்டிக்கிறதா என்று சோதியுங்கள்.