போருக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்குப் போய், சிங்கப்பூரிலோ பர்மாவிலோ காணாமல் போன ஒருவரைப் பற்றிய பேச்சு, காவிரிப் படுகையின் பல வீடுகளில் மூன்றாம் தலைமுறையிலும் அடங்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்றும் ஓரளவு தேடி அறிய முடியும். தேடலைத் தொடங்க வேண்டிய இடம் வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி.

அந்தப் பெட்டியில் முதலில் தேட வேண்டியது அவருடைய படை எண். குடும்ப ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் துண்டு, ‘காணவில்லை’ என்று வந்த தந்தி, போர்க் கைதி முகாமிலிருந்து வந்த அஞ்சலட்டை ஆகிய எதிலும் அது இருக்கலாம். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அடுத்தது பெயரும் ஊரும். கோவிந்தசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால், எல்லா விதமாகவும் தேட வேண்டும். தந்தை பெயர் ஒத்துவந்தால்தான் அவர் நம்மவர் என்று கொள்ளலாம். அன்று நாகப்பட்டினமும் திருவாரூரும் தனி மாவட்டங்கள் அல்ல. நாகை 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும்தான் பிரிந்தன. ஆகவே மன்னார்குடிக்காரரையும் சீர்காழிக்காரரையும் பழைய ஏடுகளில் ‘டாஞ்சூர்’ என்ற தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்தான் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’ என்றும், மயிலாடுதுறை மாயவரம் என்றும் இருக்கும்.

இவை கையில் வந்ததும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டுள்ளன: சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல், ரங்கூனை அடுத்த தவுக்கியானில் ஏறக்குறைய 27,000. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். பெயர் நினைவுச் சின்னத்தின் எந்தப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் அங்கே இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். அவர் எந்த வகையில் போனார் என்பதை மறுபடி விசாரிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வழி தவறுகின்றன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், 40,000-க்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்கள் ஃபாரர் பூங்காவில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர, மறுத்தவர்களில் பலர் நியூகினி வரை கொண்டுசெல்லப்பட்டனர். இந்திய தேசிய ராணுவம் குறித்த ஆவணங்களைப் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். இன்னொரு வகையினர், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள். அவர்களில் ஏராளமானோரை ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் சென்றனர். மாண்ட இந்தத் தொழிலாளர்களைப் படைவீரர் பட்டியல்களில் காண முடியாது. வீட்டில் ‘பட்டாளத்தில் செத்தார்’ என்று சொல்லப்படுபவர், உண்மையில் இந்தப் பாதையில் மடிந்தவராகவும் இருக்கலாம். அவர் பெயர் எங்கும் பொறிக்கப்படாதது எனக்கு ஆறாத வருத்தம்.

படை எண் கிடைத்தவர்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, உரிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியின் வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படைப்பிரிவுக்குப் பெங்களூரிலும் உள்ளது. எண், பெயர், தந்தை பெயர், அக்காலத்து வட்டம், கடைசியாகக் கடிதம் வந்த மாதம், உங்களுக்கு என்ன உறவு என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, சான்றுகளின் நகலை மட்டும் இணையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

நஞ்சை நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 111-ஆம் பிரிவு.

கிடைக்கும் பதிவில் இறந்த நாள் ‘இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் இடையில்’ என்றுகூட இருக்கலாம். அதை வைத்துத் திதி கணிக்க முடியாது. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம்.