பைக் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது எங்கே தவறுகிறோம்?

நீண்ட பயணத்துக்குத் திட்டமிடுகிற பலரும் முதலில் செய்வது பை வாங்குவதுதான். எத்தனை லிட்டர் பிடிக்கும், மழைக்குத் தாங்குமா என்று நாள்கணக்கில் அலசுவார்கள். வாங்கி வந்ததும் அது நிரம்பும்வரை பொருள்களை அடைப்பார்கள். அதற்குப் பிறகுதான் வண்டியின் பக்கம் பார்வை போகும். இந்த வரிசையே தலைகீழ். வண்டி எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் தாங்கும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் எந்தப் பை வேண்டும் என்ற கேள்விக்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும்.

வண்டியோடு வந்த கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். வண்டி, பெட்ரோல், ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சாமான்கள், நாமாகப் பொருத்திய கூடுதல் பாகங்கள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. உதாரணத்துக்கு வரம்பு 360 கிலோ, டேங்க் நிரப்பிய வண்டி 190 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170. ஓட்டுபவர் 75, பின்னால் இருப்பவர் 60, இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்து 10. மிஞ்சுவது 25 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உலோகப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று மாட்டினால், உள்ளே ஒன்றுமே வைக்காமல் 15 கிலோ போய்விடும். கூடாரம், படுக்கை, சமையல் சாமான், துணி, கருவிகள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் இருப்பது வெறும் 10 கிலோ. இரண்டு பேர் முகாம் போட அது போதாது. அதே இடத்தில், சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் துணியாலான சேடில் பேக் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 10 கிலோ மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் போடும்போது விளம்பரத்தில் வரும் 'உலர் எடை'யை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெட்ரோல், ஆயில் போன்ற திரவங்கள் இல்லாத எடை. பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. 16 லிட்டர் டேங்க் என்றால் அதுவே 12 கிலோ. அப்புறம் இன்னொரு வரம்பும் உண்டு. பின்பக்கக் கேரியர் எவ்வளவு தாங்கும் என்று கேரியரிலேயோ கையேட்டிலேயோ தனியாகப் போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் அது 10 கிலோவுக்கும் குறைவு. கேரியர்மேல் மாட்டும் டாப் பாக்ஸ் என்ற பெட்டியின் சொந்த எடையும் அதற்குள்தான் வரவேண்டும். இதைக் கவனிக்காமல் ஏற்றினால், ஒவ்வொரு பள்ளத்திலும் கேரியரைத் தாங்கும் பின்சட்டம் வாங்கும் அடி சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விரிசல் விடும்.

எவ்வளவு எடை என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் ஓட்டும்போது அதிகம் தெரியும். பின் சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கும் எந்தப் பொருளும் நெம்புகோல்போல முன் சக்கரத்தைத் தூக்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 140 சென்டிமீட்டர் இருக்கிற வண்டியில், பின் அச்சுக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் 12 கிலோ வைத்தால் முன் சக்கரத்திலிருந்து 3 கிலோ குறையும்; பின் சக்கரத்தில் 15 கிலோ கூடும். மூன்று கிலோதானே என்று தோன்றலாம். உயரமான பெட்டி, அதன்மேல் கட்டிய கூடாரம், மேலே ஒரு தண்ணீர் கேன் என்று அடுக்கடுக்காகப் போனால் வேகத்தில் ஹேண்டில் லேசாகிப் போவதும் வண்டி பாம்புபோல் நெளிவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே கனமானவை கீழே, முன்னே, வண்டியின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். கருவிகள், தண்ணீர், அரிசி பருப்பு, டியூப் எல்லாம் சேடில் பேக்கின் அடியில், ஓட்டுபவரின் கால் பக்கமாகப் போகட்டும். தனியாகப் போகிறீர்கள் என்றால் பின் சீட்டுதான் மிக நல்ல இடம். கனமான பையை உங்கள் முதுகை ஒட்டி அங்கே குறுக்காக வைத்துக் கட்டலாம். ஸ்லீப்பிங் பேக், துணி போன்று இடம் அடைக்கும் ஆனால் கனமில்லாதவை பின்னால் கேரியருக்குப் போகலாம். பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். டாப் பாக்ஸுக்குப் பூட்டு இருக்கிறது என்பதால் கனமான, விலையுயர்ந்த பொருள்களையெல்லாம் அதில் போட்டுவிடுகிறார்கள்.

இடதும் வலதும் சமமாக இருப்பதும் முக்கியம். சைலன்சர் ஒரு பக்கம் இருப்பதால் அந்தப் பக்கப் பெட்டி சற்று வெளியே தள்ளி நிற்கும். அப்படியானால் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவாக வைக்க வேண்டும். கையால் தூக்கிப் பார்த்துச் சொல்வது நம்பகமில்லை, வீட்டில் எடைபோடும் கருவி இருந்தால் இரண்டு பைகளையும் அதில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் டேங்க் பேக்குக்கும் ஒரு சோதனை உண்டு. வண்டியை நிறுத்திவைத்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். பை ஹாரன் பட்டனையோ இன்ஜின் நிறுத்தும் சுவிட்சையோ அழுத்தினால், நெரிசலில் மெதுவாகத் திரும்பும் நேரத்தில் வண்டி அணைந்து சாயும். ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டும் பையும் அப்படியே. கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் நசுங்குகிறதா, ஹெட்லைட் மறைகிறதா என்று பார்க்காமல் கட்டக்கூடாது.

எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்கும். விழுந்தால் பைக்குள் இருக்கும் கெட்டியான பொருள் நேராக முதுகெலும்பில் குத்தும்.

இனி, கட்டுவது. கொக்கி வைத்த ரப்பர் கயிறு எங்கும் கிடைக்கிறது, கட்டுவதும் சுலபம். ஆனால் அது நீள்வதற்கென்றே செய்யப்பட்டது. வண்டி குலுங்கும்போதெல்லாம் பை கொஞ்சம் நகரும், கயிறு கொஞ்சம் நீளும், 100 கிலோமீட்டரில் பை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேரே முகத்துக்கு வரும். கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் கயிறு மேலே ஒரு மழை ஜாக்கெட்டைச் செருகி வைக்க நல்லது. பாரத்தைத் தாங்க பக்கிள் வைத்த, நீளாத பட்டைதான் வேண்டும். நைலான் பட்டை நனைந்தால் சற்று நீளும், பாலியஸ்டர் அந்த அளவுக்கு நீளாது. மழைக்காலப் பயணம் என்றால் பாலியஸ்டரையே தேடி வாங்குங்கள்.

ஒரு மூட்டைக்கு ஒரே பட்டை என்று விடக்கூடாது. குறைந்தது இரண்டு, அவையும் ஒன்றையொன்று நம்பி இல்லாமல் தனித்தனியாக வண்டியின் உறுதியான பாகத்தில் மாட்டியிருக்க வேண்டும். இண்டிகேட்டர் தண்டு, பிளாஸ்டிக் மட்கார்டு இவையெல்லாம் உறுதியான பாகங்கள் அல்ல.

பட்டையை இறுக்கிய பிறகு மிஞ்சும் நுனியை அப்படியே விடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு. என் முதல் நீண்ட பயணத்தில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது அப்படித் தொங்கிய நுனி ஒன்று செயின் ஸ்பிராக்கெட்டில் சிக்கிச் சுற்றிக்கொண்டது. நடை வேகம் என்பதால் வண்டி நின்றதோடு போயிற்று. பட்டையை அறுத்து எடுக்க அரை மணி நேரமானது. நெடுஞ்சாலை வேகத்தில் அப்படி நடந்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து நுனியைச் சுருட்டி ஒட்டும் பட்டையால் கட்டுவேன், அல்லது பட்டைக்கு அடியிலேயே முடிந்துவிடுவேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து கையால் தொட்டுப் பார்ப்பேன்.

சைலன்சர் சூட்டைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பைகளில் பயன்படும் நைலான் வகைகள் ஏறத்தாழ 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகும். பக்கிளும் ஸ்லீப்பிங் பேக்கின் மெல்லிய துணியும்கூடச் சூட்டில் உருகுபவைதான். இன்ஜினிலிருந்து வெளிவரும் குழாய் அதைவிடச் சூடாகும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வீட்டில் மாட்டிப் பார்க்கும்போது சேடில் பேக்குக்கும் சைலன்சருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். பையை நிரப்பி, பின்னால் ஆள் உட்கார்ந்து, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். எனவே பாரத்தோடு, ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். பையை உள்பக்கமாகச் சாயவிடாமல் தடுக்கும் ஒரு கம்பிச் சட்டமும், சைலன்சர்மேல் வெப்பத்தகடும் இருந்தால் கவலை குறையும்.

இதே காரணத்துக்காக கிராஷ் கார்டில் பெட்ரோல் கேன் தொங்கவிடுவதும் சரியில்லை. விழுந்தால் முதலில் அடிபடும் இடம் அது, பக்கத்திலேயே சூடான குழாய். கூடுதல் பெட்ரோல் தேவையென்றால் அதற்கென்றே செய்த கேனில், விளிம்புவரை ஊற்றாமல் விரிவதற்கு இடம் விட்டு, பின்பக்கம் உறுதியாகக் கட்டுங்கள். அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை 50 டிகிரிக்கு மேல் சூடாகவிடக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் நிற்கும் கருப்புப் பெட்டியின் மேல்தட்டில் அதை வைக்காமல் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

பாரம் ஏற்றிய பிறகு வண்டி வேறு வண்டி. டயர் காற்றைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றாமல் கிளம்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தனியாக ஓட்ட ஓர் அளவு, ஆளோடும் சாமானோடும் ஓட்ட இன்னோர் அளவு என்று கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய தாளிலோ போட்டிருப்பார்கள். பின் டயருக்குச் சில பி.எஸ்.ஐ. கூடுதலாக வரும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டி வந்து சூடான டயரில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். டயரின் பக்கவாட்டில் 66S என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். அந்த 66 என்பது அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது, 58 என்றால் 236 கிலோ. விலை குறைவு என்று வேறு டயர் மாற்றியிருந்தால் இந்த எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பதுதான் பிரீலோட். அதை ஏற்றாமல் விட்டால் வண்டியின் பின்பகுதி அமுங்கி, முன்பகுதி தூக்கி நிற்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், திருப்பங்களில் வண்டி மந்தமாகும், சின்னப் பள்ளத்துக்கே ஷாக் அடிவரை போய் முட்டும். பிரீலோடைச் சரிசெய்யும் கொக்கி ஸ்பேனர் பல வண்டிகளின் கருவிப் பையிலேயே இருக்கிறது. செயினையும் மறக்க வேண்டாம். பின்பகுதி அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தால் பாரத்தில் அது பேரிங்கைத் தின்றுவிடும்.

கேரியர், சட்டம் ஆகியவற்றின் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். திரும்பக் கழற்றக்கூடிய நடுத்தர வலிமைப் பசையைத் திருகில் தடவி மாட்டுங்கள். முதல் 100 கிலோமீட்டரில் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அதே அளவில் நாலைந்து போல்ட்டும் நட்டும் கூடவே இருக்கட்டும்.

முகாம் சாமானில் நடக்கும் தவறுகள் வேறு ரகம். கூடாரத்தின் எடையைப் பார்த்து வாங்குவார்கள், மடித்த நீளத்தைப் பார்க்க மாட்டார்கள். கம்புகள் 60 சென்டிமீட்டர் இருந்தால் எந்தப் பையிலும் அடங்காமல் குறுக்கே வெளியே நீட்டிக்கொண்டு வரும். மடித்தால் 45 சென்டிமீட்டருக்குள் வரும் கூடாரம் பைக்குக்குத் தோதானது. கம்புகளைத் தனியாக எடுத்து நீளவாக்கில் கட்டவும் முடியும், துணியை மட்டும் தனியாக அமுக்கலாம்.

காலையில் பனியிலோ மழையிலோ நனைந்த கூடாரத்தைத்தான் பெரும்பாலும் மடிக்க வேண்டியிருக்கும். அதை ஸ்லீப்பிங் பேக்கோடு ஒரே பையில் போட்டால் இரவில் ஈரப் படுக்கைதான். பறவைத் தூவி நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூட்டைப் பிடித்துவைக்கும் திறனையே இழந்துவிடும், செயற்கை இழை கொஞ்சமாவது தாங்கும். கூடாரத்துக்கு எப்போதும் தனிப் பை. மழை உறையை வெளியே போர்த்துவதைவிட, உள்ளே ஒரு நீர்புகாப் பையில் போட்டு வைப்பதை நான் நம்புவேன். வெளியுறை காற்றில் உப்பிக் கழன்று பறக்கும். வாயைச் சுருட்டி மூடும் பையாக இருந்தால் மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். அதற்கு இடமில்லாத அளவுக்கு அடைத்தால் அது நீர்புகாப் பையே இல்லை.

பஞ்சர் கருவி சீட்டுக்கு அடியில், சீட்டின்மேல் முழு மூட்டையும் என்று கட்டிவிட்டு, நடுவழியில் டயர் பஞ்சரானதும் மொத்தத்தையும் அவிழ்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சர் கருவி, முதலுதவி, மழை உடை, டார்ச் நான்கும் ஒரு பட்டையைக்கூட அவிழ்க்காமல் கைக்கு வர வேண்டும். டெயில் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மறையவில்லை என்பதைப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

எல்லாம் கட்டியாயிற்றா? சரி, பயண நாளன்று முதன்முறையாக அந்தப் பாரத்தோடு ஓட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே முழுச் சாமானோடும் 50 கிலோமீட்டர் போய் வாருங்கள். காலியான இடத்தில் பலமாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள், குறுகலாக வட்டமடித்துப் பாருங்கள். ஏறி இறங்கியும் பழகுங்கள். பின்னால் மூட்டை இருப்பதை மறந்து வழக்கம்போல் காலை வீசினால் கால் பையில் தட்டி வண்டியோடு சாய வேண்டியதுதான்.

முகாமில் நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். பாரத்தில் பின்பகுதி அமுங்கினால் சைடு ஸ்டாண்ட் நீளம் கூடியதுபோல் ஆகி, வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும். லேசான காற்றுக்கோ தள்ளலுக்கோ மறுபக்கம் சாய்ந்துவிடும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் இரவுக்குள் புதைந்து, இந்தப் பக்கமும் சாயலாம். தட்டையான ஒரு கல்லையோ பலகைத் துண்டையோ ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து, கியரில் போட்டு நிறுத்துங்கள். கூடாரத்தை வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ போடுங்கள், வண்டி எந்தப் பக்கம் விழுந்தாலும் தூங்குகிறவர்கள்மேல் விழாத தூரத்தில்.