ஃப்ளாஸ்க் தளம் கிளம்ப மறுத்தால் எங்கே பார்ப்பது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கரைக்கு வரும் மீன் அன்றன்றைக்கு என்ன விலைக்குப் போனது என்று காட்ட, அக்கா மகன் ஃப்ளாஸ்க்கில் (பைத்தான் மொழியில் இணையதளம் செய்ய உதவும் கருவி) சின்னதாக ஒரு தளம் செய்கிறான். போன வாரம் போன் போட்டு, "மாமா, திரை முழுக்க என்னமோ கொட்டுது" என்றான். அவனுக்குச் சொன்னதுதான் இது. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதல் வேலை, திரையில் கொட்டும் பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படிப்பது. என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்குச் சற்று மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அவனுக்கு வந்தது 'கேனாட் இம்போர்ட் நேம் ஃப்ளாஸ்க்'. இம்போர்ட் என்றால் வேறு கோப்பில் இருப்பதை நம் கோப்புக்குள் கொண்டுவருவது. கோப்புக்கு என்ன பெயர் வைத்தாய் என்றேன். "ஃப்ளாஸ்க் டாட் பிஒய்." அதுதான் வினை! பைத்தான் முதலில் தேடுவது நாம் ஓட்டும் கோப்பு இருக்கிற ஃபோல்டரில். அங்கேயே அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், உண்மையான ஃப்ளாஸ்க் வரைக்கும் போகாது. 'ஆப் டாட் பிஒய்' என்று மாற்றியதும் சரியானது. இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்தாலும் இதே மாதிரி செய்தி வரலாம். இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு மாற்றுங்கள்.

கடைசி வரியில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்' என்று இருந்தால், பெரும்பாலும் அந்த மாட்யூலை (இம்போர்ட் செய்யும் நிரலை) கணினியில் இருக்கும் வேறொரு பைத்தானில் நிறுவியிருப்பீர்கள். புது டெர்மினல் திறந்து வென்வ்வை (இந்தத் தளத்துக்கென்று தனியாக வைத்த பைத்தான் சூழல்) ஆக்டிவேட் செய்ய மறப்பது எனக்கே வாரம் ஒருமுறை நடக்கும். ஆக்டிவேட் செய்துவிட்டு 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஃப்ளாஸ்க்' என்று கொடுங்கள். நிறுவும் கருவியான 'பிப்'பை மட்டும் போட்டால் அது எந்தப் பைத்தானுடையது என்று தெரியாது. இப்படிக் கொடுத்தால் ஓட்டும் பைத்தானுக்கே போய்ச் சேரும். இன்னொன்று, நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. படங்களைக் கையாளும் நிரலுக்கு நிறுவுவது 'பில்லோ', இம்போர்ட் செய்வது 'பிஐஎல்'.

இல்லாத பெயரைக் கூப்பிட்டால் வரும் 'நேம் எரர்' கொஞ்சம் கள்ளத்தனமானது. அந்த வரி ஓடும்போதுதான் தலைகாட்டும். அதனால் தளம் ஒழுங்காகக் கிளம்பும். ஒரு பக்கத்தைத் திறந்தால் மட்டும் 500 பிழை (சர்வரில் கோளாறு என்ற செய்தி) வரும். பக்கத்தை உருவாக்கித் தரும் 'ரெண்டர் டெம்ப்ளேட்'டை இம்போர்ட் செய்யாமல் விடுவது வழக்கமான காரணம். ஒரு கோப்பில் செய்த இம்போர்ட் பக்கத்துக் கோப்புக்குச் செல்லாது.

நம்ம பையன் செய்தது வேறு. பைத்தான் 3 மாறிக்கு (வேரியபிள்) தமிழிலும் பெயர் வைக்க விடும் என்று தெரிந்துகொண்டு, 'விலை' என்று வைத்திருந்தான். சூடை, நகரை மீன்களின் பக்கங்கள் எல்லாம் ஒழுங்காகக் காட்டின. ஒரு பக்கம் மட்டும் விழுந்தது. புதிய பைத்தான் பதிப்பு இப்படிப்பட்ட இடத்தில் நெருங்கிய பெயர் இருந்தால் 'இதைச் சொல்கிறீர்களா' என்று கேட்கும். கேட்டிருக்கிறது, அவன்தான் கடைசி வரிவரை வரவில்லை. அந்தப் பக்கத்தில் 'விளை' என்று தட்டியிருக்கிறான்.

"விளைமீன் பக்கம் மாமா, கை தானாப் போயிருச்சு" என்றான்.