குதிரை மண்ணையும் மரத்தையும் தின்றால் தீவனத்தில் எதைப் பார்க்க வேண்டும்

பாலக்கோட்டில் எங்கள் லாயத்துக் கட்டுத்தறி வேப்பங்கட்டையால் ஆனது. சென்ற கோடையில் அதன் பட்டை முழுவதும் உரிந்து, நெஞ்சளவு உயரத்தில் பல் பதிந்த வரிகள் தெரிந்தன. எங்கள் மட்டக்குதிரை இரவெல்லாம் அதைக் கொறித்திருந்தது. கட்டையில் வேப்பெண்ணெய் பூசியதும் அது சுவர் ஓரத்துச் செம்மண்ணை நக்கத் தொடங்கிய பிறகுதான், கோளாறு தீவனத் தொட்டியில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. ஆகவே, குதிரையை அதட்டுவதற்கும் வாய்க்கூடை மாட்டுவதற்கும் முன்னால், அது எதை, எந்த நேரத்தில், எவ்வளவு தின்கிறது என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

முதலில் தட்டையும் புல்லையும் எடை போடுங்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. கொள்ளும் தவிடும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுவதால், மெல்ல எதுவுமில்லாத குதிரை மரத்தையும், சில நேரம் தன் லத்தியையும் பக்கத்துக் குதிரையின் வால்முடியையும் தேடிப் போகும். உடல் எடையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை, ஈரம் நீக்கிய கணக்கில், நார்த்தீவனம் நாள்தோறும் வேண்டும். 200 கிலோ மட்டக்குதிரைக்கு இது 3 முதல் 4 கிலோ ஆகும். பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், பச்சையாகப் போட்டால் ஏறக்குறைய நான்கைந்து மடங்கு எடை தேவைப்படும். எங்கள் குதிரைக்குக் கேழ்வரகுத் தாள் ஒன்றரைக் கிலோகூடக் கிடைக்கவில்லை என்பது தராசில் வைத்த அன்றுதான் தெரிந்தது. தாளை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, பெரும்பங்கை இரவுக்கு வையுங்கள்.

அடுத்தது உப்பு. மண்ணையும் சுவரையும் நக்கும் குதிரைக்கு, குறிப்பாக வண்டி இழுத்தோ ஊர்வலத்தில் நடந்தோ வியர்க்கும் குதிரைக்கு, உப்புக் குறைவு இருக்கக்கூடும். 200 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 முதல் 20 கிராம் உப்பைத் தீவனத்தில் கலந்து, தண்ணீரைத் தொட்டி நிறைய வைத்திருங்கள். நக்குவதற்கு ஓர் உப்புக்கட்டியைத் தொங்கவிடுவதும் நல்லது.

தவிட்டைப் பற்றி நம் பக்கத்தில் போதிய கவனம் இல்லை என்பது என் கருத்து. தவிட்டில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் உள்ளது. கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட்டும் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு பலவீனமாகி, முகத்து எலும்பு புடைத்து, நொண்டலும் வரலாம். தவிட்டைக் குறைத்து, பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கொஞ்சம் சேருங்கள். தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆட்டுக்குப் போடும் சூபாபுல் தழையைக் குதிரைக்குப் போடாதீர்கள், பிடரி மயிரும் வால்மயிரும் உதிரும். கோழித்தீவனத்தையும் கிட்டவே விடக்கூடாது. அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே குதிரையைக் கொன்றுவிடும்.

மண் தின்ற குதிரையின் லத்தியைச் சோதிப்பது எளிது. தரையைத் தொடாத ஐந்தாறு உருண்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்து, தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு அடியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நெறுநெறுத்தால் குடலில் மணல் சேர்கிறது என்று கொள்ளலாம். ஆனால் மணல் படியாவிட்டாலும் குடலில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தீவனத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள்.

பாதி மென்ற தாளை உருண்டையாகத் துப்பினால் பல்லைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல் முளைக்கும் வயதில் அந்த நீரையே குடித்து வளரும் குட்டிக்கும் பல்லில் கறையும் தேய்வும் வரலாம். பிறந்து சில வாரமே ஆன குட்டி தாயின் லத்தியைத் தின்பது மட்டும் இயல்பானது, தடுக்க வேண்டாம்.

எந்த மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். குடற்புழு நீக்கம் தவறியிருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்டு முடியுங்கள். குதிரை தீவனத்தை மறுத்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையில் புரண்டு, லத்தி போடாமல் நின்றால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். எங்கள் குதிரை, தாளும் உப்பும் சரியான மூன்றாவது வாரத்தில் கட்டுத்தறியை விட்டது. வேப்பங்கட்டையின் அந்தப் பல்வரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.